பழைய வண்டியின் கார்புரேட்டர் கோளாறுகள்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, பழைய புல்லட், ஸ்ப்ளெண்டர், சேத்தக், பத்மினி, முதல் தலைமுறை மாருதி 800 போன்ற, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கொண்ட வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கானது இது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான்; அவற்றுக்கு இது உதவாது. பெட்ரோலோடு செய்யும் வேலை என்பதால் காற்றோட்டமான இடத்தில், இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் அதற்கான இடம் இல்லை.

வண்டி திணறினாலே கார்புரேட்டரைக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இந்த விஷயத்தில் அப்படியே பொருந்தும். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து இவற்றைப் பாருங்கள்.

பெட்ரோல் டேங்க் அடியிலுள்ள டேப்பிலிருந்து வரும் டியூபைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் விடுங்கள். பெட்ரோல் இடைவிடாமல் சீராகக் கொட்ட வேண்டும். முதலில் நன்றாகக் கொட்டி, ஒரு நிமிடத்தில் சொட்டாகக் குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மறுபடி கொட்டினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. திறந்தும் கொட்டவில்லை என்றால் டேப்புக்குள் இருக்கும் வலையில் துரு சேர்ந்திருக்கிறது. பிடித்த பெட்ரோலை உடனே கொட்டாமல் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றாலோ, பழுப்புத் தூள் படிந்தாலோ கோளாறு டேங்கில்தான். அதை விட்டுவிட்டுக் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி அடைக்கும்.

அடுத்து ஏர் ஃபில்டர். பிறகு ஸ்பார்க் பிளக்: பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. மைபோல் உலர்ந்த கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, அதாவது லீன். பிளக் இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. வரை. ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும் பாயின்ட் வைத்த பழைய புல்லட் என்றால் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். பாயின்ட் கருகினால் வரும் திணறலும் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறுதுளைத் திருகான ஜெட் அடைத்தால் வரும் திணறலும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும்.

கார்புரேட்டரில் எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று கழற்றாமலே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆக்சிலேட்டர் பிடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, பிடி மூடியிருக்கும் நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று ஐந்து கோடு போடுங்கள். பிடியில் ஒரு கோடு. வாகன நெரிசல் இல்லாத சாலையில் ஓட்டிப் பார்த்தால் எந்தக் கோட்டில் மக்கர் செய்கிறது என்று தெரிந்துவிடும்.

பிடியைத் திருகும்போது கேபிள் மேலே இழுக்கும் ஸ்லைடு கொண்ட கார்புரேட்டரில் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஆளுகின்றன. நம் மெக்கானிக்குகள் பைலட் ஜெட்டை ஸ்லோ ஜெட் என்பார்கள். அதிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட பகுதி. கால் முதல் முக்கால் வரை நீடில் எனும் ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். சிக்னலில் நின்றால் அணைகிறது என்பவர் மெயின் ஜெட்டை மாற்றுவதும், நைஸ் ரோட்டில் எண்பதுக்கு மேல் இழுக்கவில்லை என்பவர் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவதும் வீண் வேலை.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. ஏன்?

ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது; சோக் கலவையை ரிச் ஆக்கி அதை ஈடுகட்டுகிறது. பழைய வண்டிகளில் அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் எளிது: துளை மிகச் சிறியது, மெயின் ஜெட் துளையைவிட மிகக் குறுகியது. சில வாரம் ஓடாத வண்டியின் கார்புரேட்டர் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் மஞ்சள் வார்னிஷ்போலக் காய்ந்து முதலில் அந்தத் துளையைத்தான் மூடும். டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் பெங்களூரில் சோக் தேவைப்படுவது இயல்பு. ஆனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் தேவைப்பட்டால் அடைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஊசியின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்பதையும் படம் எடுங்கள். இந்த இரண்டு குறிப்பும் இல்லாமல் கழற்றினால் திரும்பி வர வழி இருக்காது.

மிக்குனி, கெய்ஹின் கார்புரேட்டர்களின் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய அளவுக் குறுக்குத் தலை கொண்டவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் முனை கொண்டது கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூ அசையவில்லை என்றால் டிரைவரை அதன் மேல் வைத்துப் பின்புறம் ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் ஒரு நிழல் விழுந்து பிறை போலத் தெரிந்தாலும் அடைப்புதான். ஸ்லோ ஜெட்டின் உடலில் பக்கவாட்டிலும் ஊசிமுனை அளவில் துளைகள் இருக்கும். நடுத்துளையை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள். சுத்தம் செய்த மறுநாளே அதே புகார் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஜெட் துளையைப் பின்னூசியால் குத்தலாமா?

கூடாது. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. ஒரு கீறல் போதும், துளை பெரிதாகி ஜெட்டில் பொறித்த அளவு எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், பிறகு கம்ப்ரஸர் காற்று. போகாவிட்டால் மின்கம்பியின் ஒற்றைச் செப்பு இழை அல்லது மெல்லிய நைலான் தூண்டில் நரம்பு. அதற்கும் மசியாவிட்டால் அல்ட்ராசோனிக் தொட்டி உள்ள கடையில் கொடுங்கள்.

ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் ரப்பர் ஓ-ரிங், டயாஃப்ரம், மிதவை ஊசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்த ரசாயனம் ரப்பரை ஊதவைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். ஒரு துளையில் அடித்தால் மறு துளை வழியாக நேரே முகத்துக்கு வரும்.

மாட்டும்போது ஸ்லைடின் வெட்டுப்பகுதி ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், அதன் பள்ளம் உள்ளே இருக்கும் சிறு முளையில் உட்கார வேண்டும். மாறி மாட்டினால் ஸ்லைடு அடிவரை இறங்காது. உதைத்தவுடன் வண்டி முழு ரேஸில் அலறும். மூடி போடும் முன் பிடியைத் திருகி விட்டு, ஸ்லைடு 'டக்' என்று அடியில் விழும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று வைப்பது?

தொடக்கம் ஒன்றரை சுற்று. அதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது ஏர் ஸ்க்ரூவா, மிக்சர் ஸ்க்ரூவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் எதிரெதிராக வேலை செய்பவை. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் லீன்.

பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஐடிலிங்கைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி காத்திருங்கள். ரேஸ் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அதுதான் இடம். பிறகு ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று. சட்டென்று முறுக்கும்போது ஒரு கணம் தயங்கினால் ரிச் பக்கம் எட்டில் ஒரு சுற்று.

ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது அல்லது சிறிய எண். மூன்று சுற்றுக்கு மேல் போனால் ஜெட் பெரிய எண். ஸ்க்ரூவை முட்டும்வரை திருகும்போது விரல் பலம் போதும். இறுக்கினால் கூம்பு முனையில் வளையம் விழும், சில சமயம் முனை உடைந்து துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் வண்டிக்கடியில் பெட்ரோல் தேங்கியிருக்கிறது.

ஓவர்ஃப்ளோ. மிதவைக் கிண்ணத்தில் மட்டம் ஏறியதும் பெட்ரோலை அடைக்க வேண்டிய ஊசி அடைக்கவில்லை. முதலில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டிப் பாருங்கள்; தூசி மாட்டியிருந்தால் விலகிவிடும். நிற்கவில்லை என்றால் கழற்றுங்கள்.

ஊசியின் கூம்பு முனையை நகத்தால் தடவுங்கள். வளையமாக ஒரு பள்ளம் நகத்தில் தட்டினால் ஊசியை மாற்ற வேண்டும், உட்காரும் சீட்டையும் சேர்த்துப் பாருங்கள். மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. பித்தளை மிதவை என்றால் வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயம் கூடினால் எடை கூடி மட்டமும் கூடும். புது மிதவை வாங்குவதே மேல்.

மிதவை உயரத்தை அளக்கும்போது கார்புரேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்காதீர்கள். மிதவையின் எடை ஊசியின் ஸ்பிரிங்கை அழுத்தித் தவறான அளவு காட்டும். சாய்த்துப் பிடித்து, நாக்கு ஊசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் இருப்பதையே வையுங்கள்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் இன்னொரு வேலை: ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். கோளாறு தீரும்வரை இரவில் டேப்பை மூடுங்கள். கோளாறு தீர்ந்த பிறகும் மூடுவது நல்ல பழக்கம்.

சிக்னலில் நிற்கும்போது ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்க நேரமாகிறது.

எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர், அதன் ஓ-ரிங், ஃப்ளாஞ்ச் எனும் இணைப்புத் தகடு இந்த மூன்றையும் சந்தேகியுங்கள். ஐடிலிங்கில் ஓடவிட்டு, சோப்புத் தண்ணீரை இணைப்புகளின் மேல் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். எங்கே தெளித்தபோது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. சிலர் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்ஸர் பக்கத்தில் அது தீயோடு விளையாட்டு.

ஃப்ளாஞ்ச் நட்டுகளை முறுக்கி முறுக்கியே வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு கண்ணாடித் தகட்டில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். கண்ணாடி மேல் 400 எண் வாட்டர் பேப்பரை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கலாம். ஸ்லைடே தேய்ந்து பக்கவாட்டில் ஆடினாலும் இதே அறிகுறி வரும். அதற்குத் தேய்ப்பு வைத்தியம் கிடையாது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் ரேஸ் ஏறினால் மேக்னெட் பக்க கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். லீன் கலவையில் பெட்ரோலோடு போகும் ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிக்கி நின்றுவிடும்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு வண்டி சரியில்லை. நிஜமா, மனப்பிரமையா?

நிஜம்தான், ஆனால் சொல்லப்படும் அளவுக்குப் பெரியதல்ல. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும். ஜெட் துளை மாறவில்லை, ஆக அதே ஜெட் இப்போது ஏறக்குறைய எட்டு சதவீதம் லீனாக ஓடுகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி எட்டரை சதவீதம் குறைவு. இந்த உயரம் கார்புரேட்டரை நான்கு சதவீதம் போல ரிச் ஆக்குகிறது. எத்தனால் எடுப்பதில் பாதியை ஊரே திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியதற்கு ஊசி கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் ஊசி மேலே ஏறும், கலவை ரிச் ஆகும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. அப்படியும் முழு ஆக்சிலேட்டரில் ஓடிய பிறகு பிளக் வெளுத்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றுங்கள்.

உண்மையான தொல்லை ரப்பரிலும் ஈரத்திலும் இருக்கிறது. எண்பது, தொண்ணூறுகளின் ரப்பர் டியூப் எத்தனாலில் ஊறி வீங்கி, உட்புறம் உதிர்ந்து ஜெட்டுக்கு வந்து சேரும். எத்தனால் தாங்கும் டியூப் கேட்டு வாங்குங்கள், மிதவை ஊசி எத்தனால் தாங்கும் விட்டான் (Viton) ரப்பர் முனையோடு இருக்கட்டும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நின்ற வண்டியின் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உலோகம் அரித்த அடையாளம்.

இங்கே டியூன் செய்த வண்டியில் சென்னைக்கோ ஊட்டிக்கோ போகலாமா?

நான்கு ஸ்ட்ரோக் என்றால் கவலையில்லை. ஆர்எக்ஸ், யெஸ்டி போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி இறக்கத்தில் தொடங்கி வேலூர் வரை உயரம் குறைந்துகொண்டே போகிறது, காற்று அடர்த்தியாகிறது, கலவை லீன் ஆகிறது. அதே நேரம் நல்ல சாலை என்று முழு ஆக்சிலேட்டரில் வைத்திருப்போம். இங்கேயே பிளக் வெளுப்பாக இருக்கும் வண்டியை மெயின் ஜெட் ஒரு எண் ஏற்றாமல் கொண்டுபோகாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், அங்கே எதிர்மாறு. கலவை ரிச் ஆகும், மேட்டில் திணறும், பிளக் கருக்கும். இரண்டு நாள் பயணத்துக்கு ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்து, ஒரு புது பிளக் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது.

நின்ற உடனே கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள். பெட்ரோல் வரவில்லை என்றால் டேங்க் மூடித் துளை அல்லது டேப். பெட்ரோல் இருந்தால் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் உயிர்விடும் இக்னிஷன் காயில் இப்படித்தான் ஏமாற்றும். பிளக் துளைக்கு அருகில் வைத்துச் சோதிக்காதீர்கள், துளையிலிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய கார்களில், சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடியுங்கள், திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டாம்.

காரில் ஆக்சிலேட்டர் மிதித்தவுடன் ஒரு கணம் செத்துப்போய்ப் பிறகு இழுக்கிறது.

ஆக்சிலேட்டர் பம்ப். இன்ஜினை அணைத்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். லிங்க்கைக் கையால் தள்ளியவுடன் மெல்லிய தாரை ஒன்று பீய்ச்ச வேண்டும். தள்ளி அரை விநாடி கழித்து வந்தாலோ, சொட்டினாலோ பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

பாதிக்கு மேல் முறுக்கினாலும் வேகம் ஏறவில்லை. வண்டி வேக்யூம் கார்புரேட்டர்.

2020-க்கு முந்தைய கிளாசிக் 350 போன்றவற்றில் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் அல்ல, ரப்பர் டயாஃப்ரம். மேல் மூடியைக் கழற்றி டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஊசித்துளை இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், பசை நிற்காது.

எமிஷன் டெஸ்டில் ஃபெயில் ஆகிறது.

2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. அதற்குப் பின் வந்த கார்புரேட்டர் வண்டிகளுக்கு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 6,000, நான்கு ஸ்ட்ரோக்குக்கு 4,500.

எந்த எண் கூடியிருக்கிறது என்று சீட்டில் பாருங்கள். மோனாக்சைடு கூடினால் கலவை ரிச்: ஏர் ஃபில்டர், சோக் முழுதாக விலகாதது, மிதவை மட்டம். ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் மிஸ்ஸிங் அல்லது ஆயில் எரிகிறது. மிஸ்ஸிங்குக்குக் கலவை லீன் ஆனது காரணமாக இல்லாவிட்டால் கார்புரேட்டரைத் திருகிப் பயனில்லை. ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டுச் சோதனைக்குப் போங்கள். டெஸ்டுக்காக லீன் வைத்து, அப்படியே மறந்துவிட்டு ஓட்டுவதுதான் மோசம்.

ரிப்பேர் கிட் வாங்குவதா, புதுக் கார்புரேட்டரே மாற்றுவதா?

உடல் நன்றாக இருந்தால் கிட் போதும். ஸ்லைடைப் பாதி தூக்கி விரலால் முன்னும் பின்னும் அசையுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், உட்சுவரில் பளபளவென்று தேய்ந்த பட்டை இருந்தால், கிட்டுக்குப் போடும் காசு வீண்.

ஜே.சி. ரோட்டில் புது உதிரிபாகம் எல்லாம் கிடைக்கும், போலியும் சேர்ந்தே. ஜெட்டில் எண்ணும் கம்பெனி முத்திரையும் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். ஒரே எண் கொண்ட இரண்டு ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை ஒரே அளவில் தெரிய வேண்டும். சிவாஜிநகர் பழைய சாமான் கடைகளில் வாங்குவதாக இருந்தால் ஃப்ளாஞ்ச் சமமா, ஏர் ஸ்க்ரூ மரை சரியா, ஸ்லைடு ஆடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பழைய ஜெட், பழைய ஊசியைத் தூக்கி எறியாதீர்கள். புதியது மக்கர் செய்தால் ஒப்பிட அதுதான் அளவுகோல்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம், என்ன செய்வது?

டேப்பை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். டேங்க் இரும்பு என்றால் கழுத்துவரை நிரப்புங்கள். உள்ளே காற்று குறைந்தால் துருவும் குறையும்.